தானாக நிற்க ஒரு ரைமர்

நவம்பர் 3, ஞாயிறு

இயந்திரம் இன்று வீட்டுக்கு வந்தது. எங்கள் கிளப்பை நடத்துகிற டேல் தன்னுடைய பிக்கப் வண்டியில் கொண்டுவந்து கராஜில் இறக்கித் தந்தார். பார்க்க மூடி போட்ட பெரிய மஞ்சள் சட்டி மாதிரி இருக்கிறது. அடியில் மோட்டார். வால்நட் ஓடுகளை உடைத்த தூளைச் சட்டியில் பாதிக்கு நிரப்பி, சுட்டு முடிந்த பித்தளைத் துப்பாக்கி ரவைக் கோதுகளை அதற்குள் கொட்டி மூட வேண்டும். மூன்று மணித்தியாலம் சட்டி நடுங்கிக்கொண்டே இருக்கும். கறுத்துப்போய் உள்ளே போன கோது தங்கம் மாதிரி வெளியே வரும். கிளப்பில் சுடுகிறவர்கள் அதை வாங்கி, மறுபடி வெடிமருந்து நிரப்பிப் பாவிப்பார்கள்.

அந்தத் துப்பாக்கி சுடும் கிளப்பில் நான் துப்புரவு வேலைக்குச் சேர்ந்து ஒன்றரை வருடம். இதுவரை இயந்திரம் அங்கே பின்னறையில்தான் ஓடியது. இந்த மாதம் காற்றைச் சோதிக்க ஆட்கள் வருகிறார்களாம், அதற்குள் பின்னறையைக் காலி பண்ண வேண்டுமாம். "உன் வீட்டில் கராஜ் இருக்கிறதுதானே, குகா? அங்கேயே வைத்துச் செய். தனியாகச் சம்பளம் தருகிறேன்" என்றார். குகதாஸ் என்ற முழுப் பெயர் அவருக்கு வாயில் வராது.

ஒவ்வொரு தடவையும் எவ்வளவு நேரம் ஓட்டினேன் என்று எழுதிவைக்கச் சொன்னார். அதற்குத்தான் இந்தக் கொப்பி. இடையில் வேறு விஷயம் எழுதினால் அவர் தமிழ் வாசிக்கவா போகிறார்.

அவர் போன பிறகு தர்மினி கராஜ் கதவடியில் நின்று பார்த்தாள். மகள் மிது அவள் இடுப்பில்.

"இதுகளை ஏன் வீட்டுக்குக் கொண்டு வாறியள்?"

"வெறும் பித்தளைதானே. வெடிக்காது."

"வெடிக்காதெண்டு எனக்கும் தெரியும்."

அவளுக்கு இந்தக் கோதுகளைக் கண்டால் ஆகாது. ஊரில் சண்டை முடிந்து அவளுடைய அண்ணனைத் தேடிப்போன இடத்தில் நிலம் முழுக்க இவைதான் கிடந்தனவாம். கலியாணம் முடிந்த புதிதில் ஒரு தடவை சொன்னாள். பிறகு சொல்லவில்லை. பழைய பயம். போகப் போகச் சரியாகிவிடும்.

நவம்பர் 5, செவ்வாய்

முதல் ஓட்டம்: ஏழு மணித்தியாலம். மூன்றுதான் ஓடியிருக்க வேண்டும்.

இன்று மட்டும் வேலை ஒன்பதுக்கு என்பதால் காலை எட்டரைக்குப் போட்டுவிட்டு, பதினொன்றரைக்கு நிறுத்தும்படி தர்மினியிடம் சொல்லிவிட்டு வேலைக்குப் போனேன். பின்னேரம் வந்து பார்த்தால் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. மோட்டாரில் கை வைக்க முடியவில்லை, அவ்வளவு சூடு.

"நான் அதுக்கிட்டப் போகேல்ல" என்றாள்.

நான் கோபப்படவில்லை. இந்தச் சம்பளம் வருவதால்தான் அவள் பக்டரி வேலையை விட்டுவிட்டுப் பிள்ளையோடு வீட்டில் இருக்க முடிகிறது. அதை மட்டும் நினைவுபடுத்தினேன். ஆள் தேவைப்படாமல் தானாக நிறுத்துகிற ரைமர் ஒன்று வாங்க வேண்டும்.

நவம்பர் 9, சனி

காலையில் இயந்திரத்தைக் கவிழ்த்து, அடியில் ஒட்டியிருந்த தகட்டில் மோட்டாரின் அளவைப் பார்த்துக் குறித்தேன். பக்கத்தில் சிறிய எழுத்தில் ஏதோ எச்சரிக்கையும் இருந்தது. எல்லாச் சாமானிலும் ஒட்டுவதுதான்.

பிறகு ஹாட்வெயார் கடையில் ஒரு மணித்தியாலம் நின்றேன். வவுனியாவில் சித்தப்பாவின் கடையில் ஆறு வருடம் தண்ணீர் மோட்டாரும் ரேடியோவும் திருத்தியவன் நான். கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுத்துவர மனம் வராது.

மூன்று விதம் இருந்தது. ஒன்று, சுற்றிவரச் சின்னச் சின்ன ஊசிகள் உள்ள வட்டம். சுவரில் செருகிவிட்டால் குறித்த நேரத்தில் தானே போட்டுத் தானே நிறுத்தும். இரண்டாவது போனில் இயக்குவது. அது எனக்குச் சரிவராது, எங்கள் இணையம் அடிக்கடி விழும். மூன்றாவது முறுக்குகிற வகை. உள்ளே சுருள்வில். குமிழை மூன்று மணித்தியாலத்துக்குத் திருப்பிவிட்டால் டிக் டிக்கென்று திரும்பி வந்து, பூச்சியத்தில் நிறுத்திவிடும். ஆனால் யாராவது ஒவ்வொரு தடவையும் முறுக்க வேண்டும்.

கடைக்காரர் வயதானவர். "எதை ஓட்டப்போகிறாய்?" என்று கேட்டார். மோட்டார் என்றேன். "அப்படியென்றால் ஊசி வட்டம் வேண்டாம். அது விளக்குக்குச் செய்தது. மோட்டார் தொடங்கும்போது நிறைய மின்சாரம் இழுக்கும், உள்ளே இருக்கிற தொடுமுனை ஒட்டிக்கொண்டுவிடும். பிறகு நிற்காது."

எனக்கும் தெரியும். ஆனால் இது சின்ன மோட்டார், தாங்கும் என்று கணக்குப் பார்த்தேன். தவிர, ஊசி வட்டம் என்றால் தர்மினி கராஜுக்குள் போகவே தேவையில்லை. அதையே வாங்கினேன்.

நவம்பர் 10, ஞாயிறு

9.00 முதல் 12.00 வரை. சொன்ன நேரத்துக்கு நின்றது.

நவம்பர் 17, ஞாயிறு

இந்தக் கிழமை ஐந்து நாளும் ஓடியது. பன்னிரண்டுக்கு நிற்கும்படி வைத்ததற்குக் காரணம் மிது. பன்னிரண்டரைக்கு அவள் தூங்குவாள். கராஜ் சுவருக்கு அந்தப் பக்கம்தான் அவளுடைய கட்டில். சத்தம் போய்விட்டால் நன்றாகத் தூங்குகிறாளாம்.

ஞாயிற்றுக்கிழமையில் அரிப்பு வேலை. சல்லடையில் போட்டு அரித்தால் தூள் கீழே போகும், கோது மேலே நிற்கும். வெளியே செய்யலாம், ஆனால் குளிர் தொடங்கிவிட்டது. கராஜ் கதவை இறக்கிவிட்டு உள்ளேயே செய்கிறேன். சாம்பல் நிறத்தில் நுண்ணிய தூசி எழுந்து யன்னல் விளிம்பிலும், அரிசி மூட்டையிலும், மிதுவின் தள்ளுவண்டியிலும் படிகிறது. டேல் ஒரு பெட்டி முகமூடி தந்திருக்கிறார். அதைப் போட்டுக்கொண்டுதான் அரிக்கிறேன். பிறகு தும்புக்கட்டையால் கூட்டிவிடுகிறேன்.

நவம்பர் 24, ஞாயிறு

மிதுவுக்கு இரண்டு வயதும் இரண்டு மாதமும். "அப்பா வா", "பால் தா", "நாய் போ", "அம்மா எங்க" எல்லாம் வருகிறது. பக்கத்து வீட்டு நாயைக் கண்டால் விரலை நீட்டி "நாய் போ, போ" என்று அதிகாரம் பண்ணுவாள்.

தர்மினி கடைக்குப் போயிருந்தாள். மினுக்கி முடிந்த கோது ஒன்றை எடுத்து அதன் வாயை என் உதட்டில் வைத்து ஊதிக் காட்டினேன். விசில் மாதிரிச் சத்தம் வரும். மிது சிரித்த சிரிப்பு. அவளும் வாங்கி வாயில் வைத்து ஊதினாள். பத்துத் தடவையாவது முயற்சி செய்திருப்பாள். கடைசியில் ஒரு சின்னச் சத்தம் வந்தது. அந்தக் கோதைத் திருப்பித் தரவே இல்லை. கையில் வைத்துக்கொண்டே தூங்கினாள்.

தர்மினியிடம் சொல்லவில்லை. அவள் மனம் வேறெங்கோ போய்விடும்.

டிசம்பர் 2, திங்கள்

ஒரு மணிக்குத் தர்மினி வேலைக்குப் போன் எடுத்தாள்.

"இஞ்சேருங்கோ, அது நிக்கேல்ல. எரியிற மணம் வருது."

"பிளக்கைக் கழட்டும்."

"பிள்ளை என்ர இடுப்பில."

"பிள்ளையை இறக்க வேண்டாம். ஓடிப்போய்க் கழட்டிப்போட்டு வாரும்."

கழற்றிவிட்டாள். மூடியின் திருகு நடுக்கத்தில் கழன்று, மூடி ஒரு பக்கம் சாய்ந்து, உள்ளே இருந்த தூசியெல்லாம் வெளியே வந்திருக்கிறது. கராஜ் முழுக்கப் புகை மண்டியது போலிருந்ததாம். மிதுவின் தலைமயிர் சாம்பலாகிவிட்டது, இருமினாள், உடனே குளிக்க வார்த்தேன் என்றாள்.

வந்து ரைமரைக் கழற்றிப் பார்த்தேன். தொடுமுனை ஒட்டியிருந்தது. கடைக்காரர் சொன்னபடியேதான்.

கராஜை நன்றாகக் கூட்டினேன். வீட்டுக்குள்ளும் கூட்டினேன்.

டிசம்பர் 4, புதன்

முறுக்குகிற ரைமரை வாங்கிச் சுவரில் பெட்டியடித்துப் பூட்டிவிட்டேன். இது மோட்டாருக்கென்றே செய்தது. நிற்காமல் போகச் சந்தர்ப்பமே இல்லை. ஐந்து தடவை சோதித்தேன். ஒரே குறை, காலை ஒன்பதுக்கு யாராவது முறுக்க வேண்டும். எனக்கு வேலை ஏழுக்கு. அதற்கு முன் போட்டால் சத்தத்தில் மிது எழும்பிவிடுவாள்.

"நீர் ஒருக்கா முறுக்கிவிட்டால் காணும். நிப்பாட்டப் போகத் தேவையில்லை."

"எனக்கு அதுக்குள்ள போக விருப்பமில்லை எண்டு எத்தினை தரம் சொல்லுறது?"

"அரை நிமிஷ வேலை, தர்மினி. நீர் பக்டரிக்குப் போறதெண்டால் பிள்ளையை ஆர் பாக்கிறது?"

அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. கொஞ்ச நேரம் பாத்திரம் கழுவிக்கொண்டே நின்றாள். பிறகு "சரி" என்றாள்.

டிசம்பர் 19, வியாழன்

புது ரைமர் அருமை. ஒரு நாளும் பிசகவில்லை. இந்த மாதம் டேலுக்குப் பதினோரு வாளி கொடுத்தாகிவிட்டது.

மிது சாப்பிடுகிறாள் இல்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுகிறாள், வெளிக்குப் போய் நான்கு நாள். தர்மினி முந்திரிகைவற்றலை ஊறவைத்துக் கொடுத்துப் பார்க்கிறாள். பல் முளைக்கிறது என்று நினைக்கிறேன்.

ஜனவரி 6, திங்கள்

பக்கத்து வீட்டு நாயைக் கண்டும் மிது ஒன்றும் சொல்லவில்லை. குளிருக்குள் அடைந்து கிடந்தால் எந்தப் பிள்ளையும் அப்படித்தான்.

ஜனவரி 15, புதன்

கிளப்பில் டேல் கோப்பி குடித்துக்கொண்டே கேட்டார்: "உனக்குப் பிள்ளைகள் இருக்கிறார்களா, குகா?"

"ஒன்று. இரண்டு வயது."

கோப்பையைக் கீழே வைத்தார். நான் வேலைக்குச் சேர்ந்து இத்தனை நாளில் அவர் அதைக் கேட்டதில்லை. "கராஜ் கதவைச் சாத்தித்தானே வைத்திருக்கிறாய்?" என்றார். ஓம் என்றேன். "நல்லது. முகமூடி முடிந்தால் கேள்" என்றார்.

கரிசனமான மனிதர்.

ஜனவரி 28, செவ்வாய்

தர்மினி பிடிவாதமாக நின்று மிதுவை டொக்டரிடம் கொண்டுபோனாள். நானும் லீவு போட்டுப் போனேன். டொக்டர் சுகிர்தா எங்கள் ஆள், கதைக்கச் சுகம். மிதுவின் கண்ணை இழுத்துப் பார்த்து, "வெளிறிப்போச்சு, இரத்தம் காணாது" என்றார். பேச்சைப் பற்றிக் கேட்டார்.

"முந்திக் கதைச்சவ, டொக்டர்" என்றாள் தர்மினி. "இப்ப 'பால்' மட்டும்தான். அதுவும் எல்லா நாளும் இல்லை."

நான் அப்படி எண்ணிப் பார்த்திருக்கவில்லை.

டொக்டர் இரும்புச்சத்து மருந்துக்கும் இரத்தப் பரிசோதனைக்கும் எழுதினார். எழுதிக்கொண்டே, "வீடு பழசோ? எங்கயாவது பெயின்ற் உரிஞ்சிருக்கோ?" என்றார். இல்லை என்றோம். "அப்பா என்ன வேலை?"

"கிளீனிங்" என்றேன்.

தர்மினி என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

பெப்ரவரி 3, திங்கள்

ஈயம். மிதுவின் இரத்தத்தில் ஈயம்.

டொக்டரே போன் எடுத்தார். "ஐந்துக்கு மேல போனாலே நாங்கள் கவலைப்படுவம். பிள்ளைக்கு இருபத்திநாலு. நீங்கள் கிளீனிங் எண்டு சொன்னியள். என்ன கிளீனிங்?"

சொன்னேன். கிளப், கோது, இயந்திரம், கராஜ்.

பிறகு பொறுமையாக விளங்கப்படுத்தினார். ரவையின் அடியில், துப்பாக்கி தட்டியதும் தீப்பிடிக்கிற சின்ன மூடியின் மருந்தில் ஈயம் இருக்கிறதாம். சுட்டபிறகு அது கரியாகக் கோதுக்குள்ளேயே நிற்குமாம். இயந்திரம் அதைத்தான் உரசி எடுத்துத் தூளில் சேர்க்கிறது. தூசியோடு எழும்பி எங்கே படிகிறதோ அங்கெல்லாம் ஈயம். நிலத்தில் விளையாடுகிற, கையை வாயில் வைக்கிற வயதுப் பிள்ளைக்கு அது போதும்.

"மருந்து குடுத்து எடுக்கிற அளவுக்குப் போகேல்ல. பிள்ளையை அந்த இடத்தில இருந்து எடுக்கிறதுதான் இப்ப மருந்து. இண்டைக்கே எடுங்கோ."

"பேச்சு திரும்பி வருமோ, டொக்டர்?"

"முதல்ல எடுங்கோ" என்றார்.

இயந்திரத்தை நிறுத்தி, கராஜைப் பூட்டி, மிதுவை எங்கள் அறைக்கு மாற்றினோம். டேல் முகமூடி தந்தபோது தூசிக்கு என்றுதான் சொன்னார்.

பெப்ரவரி 5, புதன்

பொதுச் சுகாதாரப் பிரிவிலிருந்து ஒரு நேர்ஸ் வந்தார். ஈரத் தாளால் யன்னல் விளிம்பு, தள்ளுவண்டி, அரிசி மூட்டை, மிதுவின் கட்டில் எல்லாம் துடைத்து, ஒவ்வொன்றையும் தனித்தனிக் குப்பியில் போட்டார். அரிசியை வீசச் சொன்னார். மூன்று மாதமாக அந்த மூட்டையில் எடுத்துத்தான் சமைத்தோம்.

பிறகு குசினி மேசையடியில் உட்கார்ந்து கேள்விகள் கேட்டார். ஆங்கிலத்தில் ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார், எனக்கு விளங்காமல் போகக்கூடாது என்று.

"பிள்ளை இந்தக் கோதுகளோடு விளையாடியதுண்டா? வாயில் வைத்ததுண்டா?"

தர்மினி பாத்திரம் கழுவும் தொட்டியடியில் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள்.

"இல்லை" என்றேன்.

நேர்ஸ் அவளையும் கேட்டார். திரும்பாமலே "இல்லை" என்றாள்.

கிளப்பின் பெயரைக் கேட்டபோது, சின்ன இடம்தான், இயந்திரத்தை நாளைக்கே திருப்பிக் கொடுத்துவிடுவேன் என்று சொல்லி மழுப்பினேன். வேலை போனால் வாடகைக்கு என்ன செய்வது.

பெப்ரவரி 7, வெள்ளி

இயந்திரத்தைக் கொண்டுபோய்க் கிளப்பின் பின்வாசலில் இறக்கினேன். டேலிடம் மிதுவைப் பற்றிச் சொன்னேன். தொப்பியைக் கழற்றிவிட்டு வாங்கில் உட்கார்ந்தார்.

"வருந்துகிறேன், குகா."

"உங்களுக்குத் தெரியுமா?"

"என் உடம்பிலும் இருக்கிறது. முப்பது வருடமாக. நான் நன்றாகத்தானே இருக்கிறேன்." அப்படிச் சொன்னபோது தொப்பியைப் பிடித்திருந்த கை ஆடிக்கொண்டிருந்தது. "இயந்திரத்தின் அடியிலேயே எழுதி ஒட்டியிருக்கிறார்கள். நீ படித்திருப்பாய் என்று நினைத்தேன்."

கவிழ்த்துப் படித்தேன். ஈயம், பிள்ளைகள், கர்ப்பிணிகள், எல்லாம் இருந்தது. எனக்கு அந்த அளவுக்கு ஆங்கிலம் வாசிக்கத் தெரியும். நவம்பரிலேயே தெரியும்.

பெப்ரவரி 8, சனி

தர்மினி பிள்ளையைக் கூட்டிக்கொண்டு ஸ்காபரோவில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் போய்விட்டாள். வீடு துப்புரவாகும்வரை என்றாள். எத்தனை நாள் என்று நான் கேட்கவில்லை. உடுப்புகளையும் எடுத்துப் போகவில்லை. எல்லாவற்றிலும் தூசி இருக்குமாம்.

பெப்ரவரி 9, ஞாயிறு

கூட்டக் கூடாதாம். கூட்டினால் மறுபடி எழும்புமாம். ஈரத் துணியால் மட்டும் துடைக்க வேண்டும். இத்தனை நாளும் நான் கூட்டிக் கூட்டி வீடு முழுக்கப் பரப்பியிருக்கிறேன்.

மிதுவின் மெத்தையைத் தூக்கியபோது கோதுகள் உருண்டன. ஐந்து. நான் கொடுத்தது ஒன்று. மற்றவற்றை எப்படி எடுத்தாள் என்று தெரியவில்லை.

பெப்ரவரி 16, ஞாயிறு

எங்கள் முடிவுகளும் வந்தன. எனக்கு முப்பத்தொன்று. தர்மினிக்குப் பதினாறு. வேலை முடிந்ததும் கிளப்பிலேயே குளித்து, உடுப்பு மாற்றி, அதன் பிறகுதான் ஸ்காபரோவுக்குப் போகிறேன். அப்படியும் தர்மினி மிதுவைத் தூக்க விடுகிறாள் இல்லை. ஒரு கதிரை தள்ளி இருந்து பார்க்கிறேன். மிது என்னைப் பார்க்கிறாள், பிறகு சுவரைப் பார்க்கிறாள்.

மார்ச் 2, ஞாயிறு

கிளப்பில் புதிதாக ஒருவர் சேர்ந்திருக்கிறார். ஆல்வின், பிலிப்பைன்ஸ்காரர், சிரித்த முகம். மதியச் சாப்பாட்டின்போது என்னிடம் ரைமரைப் பற்றிக் கேட்டார். "டேல் சொன்னார், உனக்கு இதெல்லாம் நன்றாகத் தெரியுமாம். நான் வேலைக்கு வந்த பிறகு இயந்திரம் தானாக நிற்க வேண்டும். எதை வாங்குவது?"

"எந்த இயந்திரம்?"

"மஞ்சள் இயந்திரம். நேற்றுத்தான் வீட்டுக்குக் கொண்டுபோனேன். உடுப்புக் கழுவுகிற அறையில் வைத்திருக்கிறேன்."

வீட்டில் யார் யார் என்று கேட்டேன். மனைவி மட்டும்தான், மே மாதம் பிள்ளை பிறக்கப்போகிறது என்றார்.

முறுக்குகிற ரைமர்தான் நல்லது என்று சொன்னேன். வேறொன்றும் சொல்லவில்லை. டேல் பக்கத்து மேசையில் இருந்தார்.

மார்ச் 3, திங்கள்

அந்த ரைமரைப் பற்றிச் சொன்னேனே. அதை மட்டும் சொல்லிவிட்டு வந்தேனே.

மார்ச் 4, செவ்வாய்

வேலைக்கு வரவில்லை என்று அறிவித்துவிட்டு, ஆல்வின் வீட்டைத் தேடிப் போனேன். காலை பத்து மணி. அவர் கிளப்பில் இருப்பார் என்று தெரியும். மனைவி கதவைத் திறந்தார். மெலிந்தவர், வயிறு மட்டும் முன்னால். உள்ளே இயந்திரம் ஓடுகிற சத்தம் கேட்டது.

ஆல்வினோடு வேலை செய்கிறவன் என்றேன். உள்ளே வரச் சொன்னார். நான் வாசலிலேயே நின்றேன்.

எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னேன். "அந்த இயந்திரத்தில் ஈயம். தூசியில் ஈயம். உங்களுக்கு, உள்ளே இருக்கிற பிள்ளைக்கு, கூடாது. தயவுசெய்து பிளக்கைக் கழற்றுங்கள். பிறகு அந்த அறைக்குள் போகாதீர்கள்."

அவர் பயந்துவிட்டார் என்று நினைக்கிறேன், என்னைப் பார்த்துத்தான். கதவைப் பாதி சாத்திக்கொண்டு, "டேல் ஒன்றும் சொல்லவில்லையே. உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றார்.

"எனக்கு மகள் இருக்கிறாள். இரண்டு வயது. கதைத்தவள். இப்போது கதைக்கிறாள் இல்லை." அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்த முடியவில்லை. "நான்தான் அந்தக் கோதை அவளிடம் கொடுத்தேன். வாயில் வைத்து ஊதப் பழக்கினேன். யாரிடமும் சொல்லவில்லை. என் மனைவியிடமும் சொல்லவில்லை."

அந்தப் பெண் கதவை முழுதாகத் திறந்தார். பிளக்கைக் கழற்ற உள்ளே போகத் திரும்பினார். "நீங்கள் போக வேண்டாம்" என்றேன். நானே போய்ப் பிளக்கைக் கழற்றி, இயந்திரத்தையும் வாளிகளையும் பின்பக்கம் பனிக்குள் கொண்டுபோய் வைத்தேன். அறையை ஈரத் துணியால் துடைக்க வேண்டியதை ஆல்வினுக்கு எழுதி வைத்தேன். புறப்படும்போது அந்தப் பெண், "உங்கள் மகளின் பெயர் என்ன?" என்று கேட்டார். சொன்னேன்.

மார்ச் 5, புதன்

டேல் போனிலேயே வேலையிலிருந்து நிறுத்திவிட்டார். நேரே ஸ்காபரோவுக்குப் போனேன்.

தர்மினியின் தங்கை வேலைக்குப் போயிருந்தாள். மிது தூக்கம். தர்மினி குசினியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். வேலை போனதைச் சொன்னேன். ஆல்வின் வீட்டுக்குப் போனதைச் சொன்னேன். பிறகு மற்றதையும் சொன்னேன், நவம்பர் இருபத்திநான்காம் தேதி மிதுவுக்குக் கோதை ஊதிக் காட்டியதிலிருந்து. நேர்ஸிடம் இல்லை என்று சொன்னது பொய் என்றேன்.

கத்துவாள் என்று நினைத்தேன். அவள் கத்தியைக் கீழே வைத்தாள்.

"காலமை ஒன்பதுக்கு அந்த ரைமரை முறுக்கப் போவன்" என்றாள். "குமிழ் இறுக்கம். ரெண்டு கையாலயும் திருப்ப வேணும். பிள்ளையை இறக்கிவிட்டால் தூளுக்க கை வைக்கும். அதுக்காண்டி வாளியில இருந்து கோது எடுத்துக் கையில குடுப்பன். நல்ல பிள்ளையா அதை வைச்சுக்கொண்டு இருக்கும்."

நான் மேசையில் கிடந்த வெங்காயத் தோலை ஒதுக்கினேன்.

"ஒவ்வொரு நாளும் குடுத்தனான். வாயில வைச்சதைக் கண்டனான். எனக்கே அதுகளைத் தொட அருவருப்பு. எண்டாலும் குடுத்தனான். கெதியா முடிச்சுக்கொண்டு வெளியில வரவேணும் எண்டுதான் இருந்தது." முகத்தைக் கையால் துடைத்தாள். "நேர்ஸ் கேக்கேக்க நானும் இல்லையெண்டுதான் சொன்னனான். நீங்கள் சொன்ன உடன எனக்கும் சொல்ல லேசாப் போச்சு."

கையில் வெங்காயச் சாறு இருந்ததால் கண் எரிகிறது என்று எழுந்து போய்த் தண்ணீர் அடித்துக் கழுவினாள். கழுவிக்கொண்டே நின்றாள். நான் போய்ப் பக்கத்தில் நின்றேன், தொடவில்லை.

மார்ச் 6, வியாழன்

இருவருமாக நேர்ஸுக்குப் போன் எடுத்தோம். ஸ்பீக்கரில் போட்டு, முதலில் நான் சொன்னேன், பிறகு தர்மினி. கிளப்பின் பெயரையும் விலாசத்தையும் சொன்னேன். ஆல்வின் வீட்டு விலாசத்தையும் சொன்னேன். நேர்ஸ் திட்டவில்லை. எல்லாவற்றையும் எழுதிக்கொள்கிற சத்தம் மட்டும் கேட்டது. "இதை முதலிலேயே சொல்லியிருந்தால் எதைத் தேடுவது என்று எனக்குத் தெரிந்திருக்கும்" என்றார். அவ்வளவுதான்.

மார்ச் 20, வியாழன்

தொழில் பரிசோதகர்கள் போய்க் கிளப்பைப் பூட்டிவிட்டார்களாம். ஆல்வின் செய்தி அனுப்பியிருந்தார். மனைவிக்கு இரத்தம் எடுத்துப் பார்த்தார்களாம், ஒன்றும் இல்லையாம். அவருக்கும் வேலை போய்விட்டது. அதைப் பற்றி ஒரு சொல்லும் எழுதவில்லை.

ஏப்ரல் 11, வெள்ளி

நான் இப்போது ஒரு பேக்கரியில் தட்டுக் கழுவுகிறேன். போன கிழமை நேர்ஸ் வீட்டை மறுபடி சோதித்து, இனிப் பிள்ளை இருக்கலாம் என்றார். இன்று மிதுவுக்கு அடுத்த பரிசோதனை முடிவு. பதினைந்து. இறங்குகிறது, இன்னும் இறங்கும் என்றார் டொக்டர் சுகிர்தா. இரும்புச்சத்து மருந்தை நிறுத்த வேண்டாம் என்றார். பேச்சுப் பயிற்சிக்குப் பெயர் கொடுத்திருக்கிறோம், கூப்பிட ஏழெட்டு மாதம் ஆகுமாம்.

"பேச்சு வந்திடுமோ?" என்று தர்மினி கேட்டாள்.

டொக்டர் பேனையை மூடினார். "சில பிள்ளையளுக்கு வரும். சில பிள்ளையளுக்குப் பேச்சு வந்தாலும் படிப்பில, கவனத்தில குறை நிக்கும். இப்பவே சொல்லேலாது. பள்ளிக்கூடம் போற வயசிலதான் முழுசாத் தெரியும்."

காரில் தர்மினி பின்னால் மிதுவோடு இருந்தாள். நெடுஞ்சாலையில் ஏறியதும் கேட்டாள்.

"பள்ளிக்கூடத்துக்கு எத்தினை வயசில போறது இஞ்ச?"

"நாலில தொடங்கலாம். ஆறில கட்டாயம்."

மனதுக்குள் கணக்குப் பார்த்தாள் என்று நினைக்கிறேன்.

"உங்களைப் பாக்கேக்க எனக்குக் கோவம்தான் வருது" என்றாள். "என்னை நினைச்சாலும் அதே கோவம்தான். ஆனா இதைச் செய்த ஆக்கள் நாங்கள் ரெண்டு பேர்தான். வேற ஆரோட இருந்து நான் நாலு வருஷம் காத்துக்கொண்டிருக்கிறது?"

ஸ்காபரோவுக்குத் திரும்ப வேண்டிய வழி வந்தது. எந்தப் பக்கம் போவது என்று கண்ணாடியில் பார்த்தேன். மிது வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தாள். தர்மினி யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு, "எங்கட வீட்டை போங்கோ" என்றாள்.